வீட்டுக்கு ஒரு ஆள்

"ஹலோ... ஹலோ மேடம்... கேக்குது, கேக்குது. நீங்க பேசறது நல்லா கேக்குது, நான் பேசறதுதான்... ஒரு நிமிஷம். யோவ், கோஷத்தைக் கொஞ்சம் அந்தாண்ட போய்ப் போடுங்கய்யா, ஆபீஸ் போன்! ... ஆமா மேடம். இன்னும் திருவொற்றியூர்தான்... ரோட்ல. ரோட்லதான் குந்திகினு... உட்கார்ந்திருக்கேன் மேடம்."

அதிகாரிகளிடம் பேசும்போது நாக்குக்கு இஸ்திரி போட்டுக்கொள்வது சினேகா டீச்சரின் வழக்கம். இன்றைக்கு அந்த இஸ்திரி நிற்கவில்லை. காலை ஏழு மணியிலிருந்து நெடுஞ்சாலையின் நடுவே, சூடேறிக்கொண்டே போகும் தாரில் சாக்கை விரித்து அமர்ந்திருக்கிறாள். எதிரே எண்ணூர் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. பீச் ஓரத்துக் குப்பத்து நடுநிலைப் பள்ளியின் டீச்சர், பகல் ஒரு மணி விமானத்தில் ஜப்பானுக்குப் பறக்க வேண்டியவள், இப்படி உட்கார்ந்திருக்கிறாள். போனில் இருப்பவர் யசோதரா மேடம். பதினோரு ஆசிரியர்களை அங்கே அழைத்துப் போகிறவர். மற்ற பத்துப் பேரும் விமான நிலையத்தில் அவர் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

"இல்ல மேடம், டிராஃபிக்ல மாட்டல... மறியல்ல மாட்டிக்கல, மறியல் பண்றதே நாங்கதான்... ஆமா, நானும்தான்... தெரியும் மேடம், கவர்ன்மென்ட் வேலைன்னு தெரியும்... மெமோ வரும்னும் தெரியும்... போலீஸ் போட்டோ எடுக்கறப்போ முந்தானையால மூஞ்சை மூடிகினேன்... சரி... சரி மேடம், சொல்றேன். தாமோதரன்னு எங்க குப்பத்துக்காரர். என் கிளாஸ் பொண்ணோட அப்பா. மூணு பேரா போட்ல போனாங்க. முந்தாநாளே திரும்பியிருக்கணும். இன்னும் வரல. தேடறதுக்குக் கப்பல் அனுப்பச் சொல்லித்தான் உக்காந்திருக்கோம்... ஆமா, ஆமா, பாவம்தான் மேடம்."

பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே மேடம் விமானப் பேச்சுக்கு வந்துவிட்டார் என்பது சினேகாவின் முகத்தில் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அது முடியாது மேடம். எங்க குப்பத்துல ஒரு போட் திரும்பி வரலைன்னா வூட்டுக்கு ஒரு ஆளு வந்து ரோட்ல உக்காரணும். படிச்சவ, படிக்காதவன்னுலாம் கிடையாது... எங்க வூட்ல நானும் என் வூட்டுக்காரர் வெற்றியும்தான். அவரு விடியகாலைல தேடறதுக்கு ஃபைபர் போட் எடுத்துகினு பூட்டாரு... இல்ல, அது கணக்குல வராது. அது கடலுக்குப் போன ஆளு. ரோட்டுக்கு வேற ஆளு உக்காரணும்... அபராதமா? அதெல்லாம் ஒண்ணும் கிடையாது மேடம். யாரும் திட்டவும் மாட்டாங்க. அடுத்த தடவ எங்க வூட்டுக்குன்னு யாரும் உக்கார மாட்டாங்க, அவ்ளோதான்... போன வருஷம் புயல்ல வெற்றி ரெண்டு நாள் வரல மேடம். அப்போ குப்பமே இதே எடத்துல உக்காந்துச்சு. பக்கத்துல இருக்காங்களே மங்கை அக்கா, தாமோதரன் சம்சாரம், அவங்க வயித்துல புள்ளையோட உக்காந்தாங்க."

மங்கை எதுவும் கேட்கும் நிலையில் இல்லை. சினேகாவின் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு கன்டெய்னர் லாரியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க குப்பத்துத் தலைவர் சுப்புராயன் கிட்டயா? ... கேட்டா உடனே போன்னு சொல்லிடுவாரு மேடம். அதான் கேக்கல... எப்படிச் சொல்றது... அவரு போன்னு சொன்னா நான் போயிடுவேன். போயிட்டு அப்புறம் இந்தக் குப்பத்துல நான் எப்படிப் பாடம் எடுக்கறது? ... இன்னைக்குத்தான் பிளேன்னு யாருக்கும் சொல்லவே இல்ல."

தலைக்கு மேலே தூண்கள் அதிர்ந்தன. மறியல் எல்லாம் கீழே இருக்கிறவர்களுக்குத்தான். மெட்ரோ ரயில் பாட்டுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தச் சத்தமா? மெட்ரோ மேடம்... ஆமா, நேரா ஏர்போர்ட்டுக்குத்தான் போவுது... ஸ்டேஷன் அதோ தெரியுது, அம்பது அடி... இதுல ஏறினா வந்துடலாம், தெரியும்... பெட்டியா? கட்டி வாசப்படி கிட்டயே வச்சிருக்கேன்... மேடம், ஓடுன்னு சொல்லாதீங்க மேடம். நீங்க சொல்லச் சொல்ல என் காலு தானா எழுந்துக்குது..."

கால் நிஜமாகவே எழுந்தது. ஒரு முழங்காலை ஊன்றிவிட்டாள். முந்தானை இழுபட்டது. மங்கை விடவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. சினேகா மறுபடி உட்கார்ந்தாள். ரயில் போய்விட்டது. ஆசைப்பட்ட ஒன்று கண்ணெதிரே போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதைப் போல் ஒரு வேதனை வேறு கிடையாது. அழுகை வந்தது. பக்கத்தில் இருப்பவளின் அழுகைக்கு முன்னால் தன் அழுகை அற்பமாகத் தோன்றியதால் விழுங்கிக்கொண்டாள்.

"போயிடுச்சு மேடம்... ம்... புரியுது. குரூப் டிக்கெட்டு, வராதவங்க பேரை கவுண்டர்ல முன்னாடியே சொல்லி லிஸ்ட்லேர்ந்து எடுக்கணும்... எடுத்துடுங்க... இல்ல, கோவமெல்லாம் இல்ல மேடம்... ஒண்ணே ஒண்ணு. நேத்து ட்ரெய்னிங்ல உங்க கிட்ட ஒரு துணிச் சுருள் குடுத்தேன்ல? எந்த எடத்துல எந்த மீன் கிடைக்கும்னு புள்ளைங்க வரைஞ்ச படம். அந்த ஜப்பான் ஸ்கூல்ல மாட்டறப்போ கடல் வலது கைப்பக்கம் வரணும். தலைகீழா மாட்டிடாதீங்க. ஆறு மாசமா வீடியோல கை ஆட்டிகினே இருந்துச்சுங்க, அந்த ஊரு புள்ளைங்களும் இதுங்களும்... நான் தங்கறதா இருந்தது ஒரு மீன்காரர் வூட்ல. அவங்க கிட்ட ஸாரி சொல்லிடுங்க. எனக்குன்னு படுக்கையெல்லாம் போட்டு போட்டோ அனுப்பியிருந்தாங்க... ம்... ம்... நல்லபடியா போயிட்டு வாங்க மேடம்..."

அப்போதுதான் கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. முதலில் போலீஸ் அடிக்கிறது என்றுதான் நினைத்தாள்.

"இருங்க, இருங்க மேடம், வைக்காதீங்க! ... இன்னாய்யா? இன்னா சொல்றான்? ... எங்க? ... கிருஷ்ணப்பட்டணத்துப் பக்கமா? ... மூணு பேருமா? உசுரோட கீறாங்களா? ... மேடம்! கெடைச்சிட்டாங்க மேடம்! எஞ்சின் நின்னு ஆந்திரா பக்கம் ஒதுங்கியிருக்காங்க! மூணு பேரும்! ... ஐயோ, எல்லாம் எழுந்துட்டாங்க மேடம், ரோடு தொறந்துடுச்சு! அடுத்த மெட்ரோ அஞ்சு நிமிஷத்துல... பெட்டி கூட வாணாம், பாஸ்போர்ட் இடுப்புலயே இருக்கு, அப்படியே ஓடி... ... ... என் பேரை எடுத்துட்டீங்களா? ... இப்பத்தானே மேடம் சொன்னேன்... திரும்பப் போட முடியாதா? கேட்டுப் பாருங்களேன்... கேட்டுட்டீங்களா... ம்."

மங்கை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு நாள் அழுகையையும் சினேகாவின் தோளிலேயே கொட்டினாள். சினேகாவுக்கு மனம் நிறைந்துதான் இருந்தது. அதே மனம் உடைந்தும் கிடந்தது. போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மங்கை சட்டென்று முகத்தைத் தூக்கி எதையோ கேட்டாள்.

"இன்னாக்கா? ... ஜப்பானா? ... சேச்சே, இன்னைக்கு இல்லக்கா. யாரு சொன்னா உனக்கு? ... அது சும்மா, ஆபீஸ்ல இன்னாவோ டிக்கெட்டு விஷயம்... அடுத்த வாரம்க்கா. புதன்கிழமை... ஆமா, புதன்தான்... சத்தியமா வேற பண்ணணுமா? இன்னாக்கா நீ, பேஜாரு பண்ணிகினு... போ, வூட்டுக்குப் போய் அவருக்கு மாத்துத் துணி எட்த்துகினு துறைக்குப் போ. போக்கா."

மங்கை போகவில்லை. லாரிகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்துக் கிளம்பின. அந்த இரைச்சலை மீறி, கைகளை ஆட்டி ஆட்டி, சுப்புராயனிடமும் மற்ற பெண்களிடமும் அவள் எதையோ அறிவித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் சினேகாவைப் பார்த்துச் சிரித்தார்கள். தலைவர் மாலை போடுவது போல் சைகை காட்டினார்.

"மேடம்... கேட்டுகினு இருந்தீங்களா? ... நான் சொன்னதைக் கேட்டீங்கல்ல? ... இப்ப இன்னா மேடம் பண்றது? புதன்கிழமை இவங்க எல்லாரும் வேன் புடிச்சி ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப வருவாங்களாம் மேடம். தாமோதரனும் வருவாராம்... மேடம்? ... ஹலோ? ... யசோதரா மேடம்? ... ஹலோ?"