இறுக்கினால்தான் வேகம்

என் கை எப்போதும் உலர்ந்தே இருக்கும், ஆபீசர் ரேட்மேக்கர். கோடையில்கூட வியர்க்காது. அதனால்தான் எங்கள் நீச்சல் கிளப்பில் பிள்ளைகளுக்கு உடை ஏற்றிவிடும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

உங்களுக்குப் பெண் பிள்ளைகள் இல்லை என்றீர்கள், அதனால் சொல்கிறேன். உடம்பை இறுக்கிப் பிடித்து வேகத்தைக் கூட்டும் அந்தப் பந்தய உடையை யாராலும் தனியாகப் போட்டுக்கொள்ள முடியாது. வழுக்கிக்கொண்டு போவதற்காகப் பாதத்தில் மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, காலை உள்ளே நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்க வேண்டும். நகம் பட்டால் கிழிந்துவிடும் என்று நாங்கள் பருத்திக் கையுறை போட்டுக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு ஏற்றி முடிப்பதற்குள் அடுப்பில் ஒரு பானை சூப் கொதித்துவிடும். இவ்வளவு பாடுபட்டாலும் அது நாலைந்து போட்டிக்குத்தான் தாங்கும்.

எனக்கு இது பிடிக்கவில்லை. நீச்சல் என்றால் உடம்பும் தண்ணீரும், அவ்வளவுதான். பெற்றோர் கூட்டத்தில் எழுந்தே கேட்டேன்: "கடையில வாங்கின வேகத்துக்கு எதுக்குப் பதக்கம் குடுக்கணும்?"

பயிற்சியாளர் டாட் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மார்லீன், விதியிலயே அனுமதி இருக்கு. உங்களுக்கு மனசு கேக்கலைன்னா அன்னிகாவுக்கு உருளைக்கிழங்குச் சாக்கைக் கட்டி இறக்கிவிடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரும் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. நியாயம் பேசுகிறவர்களைப் பார்த்து ஊர் சிரிப்பது வழக்கம்தான்.

அன்னிகா என் மகள், பட்டர்ஃப்ளை பாணியில் நீந்துகிறவள். அவளுக்கும் வேக உடைதான், வந்ததிலேயே புதியது. என் கொள்கையைக் கொண்டுபோய்க் குழந்தை தலையில் கட்டுவது எந்தத் தாய்க்கும் அழகில்லை.

பேசிப் பயனில்லை என்றான பிறகு, என் கையுறையின் வலது கட்டைவிரலில் ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கொண்டேன். உடையை ஏற்றும்போது தொடையோரத் தையலில் நகத்தால் ஓர் அழுத்து. வெளியே எதுவும் தெரியாது. குளத்தின் சுவரை உதைத்து ஒரு திருப்பம் திரும்பியதும் தையல் விடும், உள்ளே தண்ணீர் புகுந்து பைபோல உப்பும். முதலில் பேஜ் டைக்ஸ்ட்ரா. பிறகு வாண்டர்மோலன் வீட்டு இரட்டையர். மூவரும் அன்னிகாவைவிட வேகமானவர்கள் என்பது தற்செயல். பேஜ் உடைமாற்றும் அறையில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான்தான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

பெற்றோர்கள் திருந்துவார்கள் என்று நம்பினேன். அவர்களோ கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு அதைவிட விலை கூடியதை வாங்கினார்கள். பேஜின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவையும் நீங்களே போட்டுவிடுங்க மார்லீன். உங்க கை ராசியான கை," என்றாள். இவர்களிடம் என்னதான் செய்வது?

பிறகு மாநிலப் போட்டி வந்தது. அங்கேதான் கெசையா நைலண்டைப் பார்த்தேன். மஸ்கீகன் ஊர்ப்பக்கத்துப் பெண், பதினாறு வயது. பயிற்சிக்குப் போடுகிற சாதாரண உடையில் வந்திருந்தாள். கறுப்பு வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. காலைத் தேர்வுச் சுற்றில் அந்த உடையோடு அன்னிகாவை ஓர் உடல் நீளம் முந்தினாள்.

"யாருங்க இவ? கந்தலைச் சுத்திக்கிட்டு வந்து இப்படிப் பறக்கறா," என்று பேஜின் அம்மா வாயைப் பிளந்தாள்.

நான் இத்தனை நாள் கத்தியது இதற்காகத்தானே. உடம்பும் தண்ணீரும் மட்டும். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன். அன்று அன்னிகாவைத் தங்கள் அணிக்கு எடுக்கலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். அவர் முதலிடத்தை மட்டும்தான் பார்ப்பார் என்று டாட் சொல்லியிருந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மதியம் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து பேகல் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். கூட அம்மா வரவில்லை. எனக்கு மனசு பொறுக்கவில்லை. அன்னிகா பதின்மூன்று வயதில் ஒரே ஒரு முறை போட்ட வேக உடை என் பையில் இருந்தது. அதை அவளுக்குப் பரிசாகக் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நானே ஏற்றிவிட்டேன், அதிக நேரம் பிடித்தது.

"ரொம்ப இறுக்குதே, மிஸஸ் ஹூக்ஸ்ட்ரா. மூச்சு பாதிதான் உள்ள போகுது."

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், கண்ணு. இறுக்கினாதான் வேகம்."

"நான் பழசையே போட்டுக்கட்டுமா? அதுலதான் எனக்குப் பழக்கம்."

"மத்தவங்க எல்லாரும் போட்டிருக்கும்போது உனக்கு மட்டும் ஏன் குறை?"

அவள் நன்றி சொன்னாள். நல்ல வளர்ப்பு. உடையில் அனுமதி முத்திரை இருக்கிறதா என்று நடுவர் பார்த்தார், இருந்தது. சின்ன அளவு போடக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. இந்த முறை நான் தையலைத் தொடவே இல்லை. தையல் விட்டுவிட்டால் மூச்சு வந்துவிடுமே.

இறுதிச் சுற்றில் கடைசித் திருப்பம்வரை அவள்தான் முன்னால். பிறகு கைகள் தண்ணீரைவிட்டு மேலே வருவது நின்றது. தலை ஒருமுறை எழுந்தது, மறுபடி எழவில்லை. லைஃப்கார்ட் குதித்தார். அன்னிகா சுவரைத் தொட்டுவிட்டு, முடிவுப் பலகையில் முதலாவதாகத் தன் பெயரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். அதற்குப் பிறகுதான் பக்கத்துத் தடத்தைப் பார்த்தாள்.

கெசையாவைக் கரையில் போட்டு, கத்தரியால் உடையை வெட்டினார்கள். இடுப்போரத்தில் அன்னிகாவின் பெயரெழுத்துகளை நான்தான் மார்க்கரில் எழுதியிருந்தேன். அன்னிகா அதைக் கண்டுகொண்டாள். வெட்டிய துண்டை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான் என்று எனக்குத் தெரியும். நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பதக்கத்தைச் சமையலறைக் குப்பையில் போட்டிருந்தாள், எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கோபம் இருக்கும், ஆறிவிடும்.

கெசையா இன்னும் கண் திறக்கவில்லை என்கிறீர்கள். அவளுக்காக ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆம், அவளுக்கு மூச்சு முட்டும் என்று தெரிந்துதான் அந்த உடையை ஏற்றினேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், ஆபீசர். எல்லாப் பிள்ளைகளும் இவ்வளவு கஷ்டப்பட்டு உடையை இழுத்து மாட்டிக்கொண்டு நிற்கும்போது, ஒருத்தி மட்டும் வெறும் துணியில் வந்து அத்தனை பேரையும் முந்திக்கொண்டு போவது நியாயமே இல்லை.