சுவிட்சை யாரும் தொடவில்லை

என் பெயரும் வீட்டு முகவரியும் தனித் தாளில் எழுதி இணைக்கப்பட்டுள்ளன. வயது முப்பத்தெட்டு. கணவரோடும் ஒரு மகளோடும் வசிக்கிறேன். லிஃப்ட்டுகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் போர்டில் ஓடும் புரோகிராமை எழுதுவதும் சோதிப்பதும் என் வேலை. யாரும் அழைக்காமல் நானாகவே இன்று காலை பத்தேகால் மணிக்கு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

இறந்துபோன லிஃப்ட் மெக்கானிக்கை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். ஆள் ஆறடிக்கு மேல் என்பதால் எல்லோரும் நெட்டை என்றே கூப்பிடுவோம். குற்றம் சாட்டப்பட்டிருப்பவர் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போவார்கள். நெட்டை கூண்டின் மேல் ஏறி நின்று வேலை பார்ப்பார், மைத்துனர் மொட்டை மாடி அறையில் எங்கள் பெட்டியருகே நிற்பார். பெட்டியில் சர்வீஸ் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் எந்த மாடியில் யார் பட்டனை அழுத்தினாலும் லிஃப்ட் நகரக் கூடாது. எங்கள் பழைய மாடலில் அந்தச் சுவிட்ச் மோட்டாருக்குப் போகும் கரண்ட்டையே துண்டித்துவிடும். புதிய மாடலில் சுவிட்ச் போட்ட தகவல் புரோகிராமுக்கு மட்டும் போகும், நிறுத்துவது புரோகிராமின் பொறுப்பு.

பதினான்கு மாதங்களுக்கு முன் அந்தப் புதிய மாடலை நான் சோதித்தேன். கரண்ட் ஏறி இறங்கினால் போர்டு அணைந்து தானாகவே மறுபடி எழும். எழுந்ததும் முதலில் சுவிட்சைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் புரோகிராம் தன் நினைவில் பழையதாகக் கிடந்த உத்தரவைப் படித்துவிட்டு, பிறகுதான் சுவிட்சைப் பார்த்தது. நடுவில் நான்கு விநாடி. இருநூற்றுப் பன்னிரண்டு தடவை அணைத்துப் பார்த்ததில் மூன்று தடவை, சர்வீஸ் சுவிட்ச் போட்டிருக்கும்போதே மோட்டார் சுற்றியது. அதை எழுதி எங்கள் பிரிவுத் தலைவரிடம் கொடுத்தேன். அவர், "மூணு தடவைதானே? அதுவும் நீங்க வேணும்னே அணைச்சதால. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்" என்றார். அதன் பிறகு, விற்பனைக்கு அனுப்பலாம் என்ற படிவத்தை என் முன் வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அன்று மகளின் பள்ளியில் ஆண்டு விழா, சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது.

அதன் பிறகு ஐந்தாறு மாதம் கழித்து நெட்டை எனக்குப் போன் செய்து, "மேடம், ஜெனரேட்டர் மாறும்போதெல்லாம் உங்க போர்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்திருக்குது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல" என்றார். நானும் சிரித்துவிட்டு, அடுத்த வெர்ஷனில் சரியாகிவிடும் என்றேன். மோட்டார் சுற்றியதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி புதன்கிழமை எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தில் விபத்து நடந்தபோது நான் அங்கே இல்லை. கூண்டு திடீரென்று மேலே ஏறியதில் நெட்டை உச்சித் தளத்துக்கும் கூண்டுக்கும் நடுவில் சிக்கினார் என்று மறுநாள் ஆபீசில் சொன்னார்கள். அதன் பிறகு இந்த நிலையத்திலிருந்து அந்தப் போர்டைக் கழற்றி, கருத்துக் கேட்டு எங்கள் கம்பெனிக்கு அனுப்பினீர்கள். பிரிவுத் தலைவர் அதை என் மேஜையில் வைத்து, "புது வெர்ஷனை ஏத்தி ஓட்டிப் பாருங்க. நல்லா ஓடுதுன்னு எழுதிக் குடுத்துடலாம்" என்றார். புதியதை ஏற்றினால், நடந்ததையெல்லாம் போர்டு நேரத்தோடு குறித்துவைத்திருக்கும் பழைய பதிவு அழிந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பதிவை முதலில் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு புதிய வெர்ஷனை ஏற்றினேன். போர்டில் பழுதில்லை என்ற அறிக்கையில் இருப்பது என் கையெழுத்துதான். அந்த அறிக்கை வந்த நான்காம் நாள், சுவிட்சை எடுத்துவிட்டார் என்று மைத்துனரைக் கைது செய்தீர்கள்.

பதிவில் உள்ளது இது. 10 மணி 55 நிமிடத்துக்கு சர்வீஸ் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறது. 11 மணி 42 நிமிடம் 7 விநாடிக்குப் போர்டு அணைந்து எழுந்து, எட்டாம் மாடிக்குப் போக மோட்டாரை ஓட்டியிருக்கிறது. அதே நிமிடத்தின் 11-ஆவது விநாடியில், சுவிட்ச் போட்டிருப்பதைக் கண்டு நிறுத்தியிருக்கிறது. இடையில் சுவிட்சை யாரும் தொடவில்லை. அந்தப் பென் டிரைவை இன்று ஒப்படைத்திருக்கிறேன்.

நேற்று மாலை நான் நெட்டையின் வீட்டுக்குப் போனேன். துக்கம் விசாரித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். ஜாமீனில் வந்த மைத்துனர் முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருடைய அக்கா சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் தரையில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். மைத்துனர் என்னிடம், "நான் தொடலன்னுதான் மேடம் மொதல்ல சொன்னேன். எல்லாரும் சொல்லச் சொல்ல, தொட்டிருப்பேனோன்னு தோணுது. இப்ப கண்ண மூடினா என் கை சுவிட்ச் மேல இருக்கிற மாதிரியே தெரியுது. மாமா கீழேருந்து என்னைக் கூப்பிட்டாரு" என்றார்.

அதன் பிறகு நான் அந்த அம்மாவை முன்னறைக்குக் கூப்பிட்டு, இருவர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். மைத்துனர் எழுந்து உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா, "அப்ப என் தம்பி தொடலையா?" என்றார். தொடவில்லை என்றேன். "இது ஆபத்துன்னு உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றார். பதினான்கு மாதமாகத் தெரியும் என்றேன். அவர் தம்பியின் அருகில் தரையில் உட்கார்ந்து அவர் தலையில் கை வைத்தார். பிறகு என்னிடம், "நீங்க போங்க" என்றார். நான் வந்துவிட்டேன்.

இதுவே என் வாக்குமூலம். எழுதிய அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. 'பிரிவுத் தலைவர் சொன்னதால் கையெழுத்திட்டேன்' என்று அவர் எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார்.

(ஒப்பம்)