பூனைக்குட்டிக்கு வரிசையா சைபர்

ஆலோசகர்: சத்தம் போட்டா சரியாயிடுமா டீச்சர்? பிள்ளைங்க மனசுல என்ன கஷ்டம் இருக்குன்னு கவனிச்சு, ஒவ்வொரு கேள்விக்கும் மார்க் போடத்தான் அந்தத் தாளைக் குடுத்தேன். நீங்க என்னடான்னா...

டீச்சர்: போட்டேன்ல. கடிக்கிறவன், கத்துறவன், பென்சில் திருடுறவன்... ஒருத்தனையும் விடலையே.

ஆலோசகர்: வாலுங்களுக்கு வாரி வழங்கியிருக்கீங்க. ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ற அந்தப் பூனைக்குட்டிப் பொண்ணுக்கு மட்டும் வரிசையா சைபர். பயப்படுவாளா, இல்லை. அழுவாளா, இல்லை.

டீச்சர்: அவளால எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையேம்மா.

ஆலோசகர்: உங்களுக்குத் தொந்தரவான்னு நான் கேட்கலை. யாராவது நாற்காலிய இழுத்தாலே தலைய மூடிக்கிறா. நானே பார்த்தேன்.

டீச்சர்: அது... கூச்ச சுபாவம்.

ஆலோசகர்: நீங்க அவளுக்கு அடுத்த வீடு. யார் வீட்டுல பால் பொங்கி வழிஞ்சுதுன்னுகூட இங்க வந்து சொல்லுவீங்க. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறது மட்டும் காதுல விழலையாக்கும்.

டீச்சர்: மெதுவா பேசு. கதவு திறந்திருக்கு.

ஆலோசகர்: இருக்கட்டும்.

டீச்சர்: சரி, அவளுக்கும் மார்க் ஏறுதுன்னே வச்சுக்க. அப்புறம் என்ன செய்வ?

ஆலோசகர்: வீட்டுக்குக் கடிதம் போகும். அப்பா கையெழுத்து வந்ததும் அவளைத் தனியா கூப்பிட்டுப் பேசுவேன். அதான் முறை.

டீச்சர்: அப்பா கையெழுத்து... ரொம்ப நல்ல முறை. போன வருஷம் பேக்கரிக்காரர் பையனுக்கும் இப்படித்தான் கடிதம் போச்சு. மறுநாள் கையில கட்டோட வந்தான். மாடிப்படியில விழுந்துட்டானாம். நீயும் அதை நம்பிட்ட.

ஆலோசகர்: அன்னைக்கு எனக்குப் புரியலை டீச்சர்.

டீச்சர்: உனக்கு மட்டுமா.

ஆலோசகர்: அதுக்காக இவளை அப்படியே விட்டுடவா? உங்க சைபரையெல்லாம் அடிச்சுட்டேன். கடிதம் தயார். நாளைக்கு அவ பையிலேயே வச்சு அனுப்பப் போறேன்.

டீச்சர்: நாளைக்கு அவ வர மாட்டா.

ஆலோசகர்: ஏன்... என்ன ஆச்சு அவளுக்கு?

டீச்சர்: ஒண்ணும் ஆகலை, உட்காரு. அவ அம்மா அவளைக் கூட்டிக்கிட்டு தன் அண்ணன் வீட்டோட போயாச்சு. அந்த அப்பன்காரன் வேலைக்குப் போன நேரமாப் பார்த்து... இன்னைக்கு மத்தியானம் நான்தான் பஸ் ஏத்திவிட்டேன். துணிமணியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா என் கட்டிலுக்கு அடியிலதான் சேர்ந்துச்சு. அதுவரைக்கும் உன் கடிதம் அந்த வாசப்படி ஏறக்கூடாதேன்னுதான் வரிசையா சைபர் போட்டேன். இப்ப அந்த அண்ணன் வீட்டுக்கு அனுப்பு. மேல இருக்கிற அப்பா பேரை மட்டும் அடிச்சுட்டு அம்மா பேரைப் போடு.