யார் வீட்டு மணி

— அந்தப் படிவத்தைக் கிழிச்சுட்டீங்களா, இன்னும் கையிலதான் வச்சிருக்கீங்களா?

— கையிலதான் இருக்கு. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். அனுப்பினா நீயும் பாப்பாவும் இங்க. அனுப்பலைன்னா நான் அங்க.

— போனைக் கொஞ்சம் சாய்ங்க. உங்க நெத்தி மட்டும்தான் தெரியுது.

— நீ முதல்ல மெஷினை நிறுத்து.

— இன்னும் ஆறு யூனிஃபார்ம் பாக்கி. கால் அது பாட்டுக்கு மிதிக்கும், காது கேக்கும். மூணு வருஷமா போனை இப்படி நிமிர்த்தி வச்சுக்கிட்டுத்தானே குடும்பம் நடத்தறோம். சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல? இங்க குழாயைத் திறந்தா தண்ணி. பஸ் சொன்ன நிமிஷத்துக்கு வருது. ஜன்னலைத் துடைச்சா துணியில அழுக்கு இல்லை.

— அதைத்தான் நானும் சொல்றேன். பாப்பா நேத்தும் உக்காந்துக்கிட்டேதான் தூங்கினா. படுத்தா இழுக்குது. காத்து மாறணும்னு டாக்டர் சொல்லிட்டார். காத்தை நான் எந்தக் கடையில போய் வாங்க?

— தெரியும். ஆனா...

— ஒரு நிமிஷம், கதவைத் தட்டறாங்க. வாங்கக்கா, பட்டன் மட்டும்தான் பாக்கி, சாயங்காலம் வாங்கிக்குங்க. ம், சொல்லுங்க.

— யாரு?

— எதிர்வீட்டு அக்கா.

— பாரு. நான் வந்து உக்காந்ததுலேர்ந்து மூணாவது ஆள். ஆமா, மணி இருக்கறப்போ எல்லாரும் ஏன் கதவை உடைக்கறாங்க?

— அவங்களுக்கெல்லாம் கை சும்மா இருக்காது. பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தலை. பேச்சே இதுதான். நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். இந்த ஊர்ல மனுஷங்க எங்கிட்ட மனசுவிட்டுப் பேசறது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா மட்டும்தான். வெளியில வந்துட்டா முகம் மறந்துடும்.

— உங்க நாலாம் மாடி அம்மாவுமா?

— அவங்களும்தான். முக்கால் மணி நேரம் உள்ள நின்னு அழுதாங்க. பயம் தெரியாம இருக்கட்டும்னு, கதவு இடுக்குல வாயை வச்சு நம்ம பாப்பா கதை பூராவும் சொன்னேன். கதவு திறந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காம போயிட்டாங்க. பத்து நாளாச்சு.

— வெட்கமா இருந்திருக்கும். அழுத முகத்தை யார் காட்டுவா?

— எல்லாத்துக்கும் ஒரு ஒட்டு வச்சிருப்ப நீ.

— தையல்காரிகிட்ட வேற என்ன இருக்கும்?

— போன மாசம் ஒண்ணு நடந்துச்சு. உங்கிட்ட சொல்லலை. மணி அடிச்சது. சட்டையைச் சரிபண்ணிக்கிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். யாருமில்லை. நீளமா வராந்தா மட்டும். திரும்பி வந்து போனைப் பார்த்தா, நீ அங்க வாசல்ல தபால்காரர்கூடப் பேசிக்கிட்டிருக்க. அடிச்சது நம்ம வீட்டு மணி. ரெண்டுக்கும் ஒரே சத்தம்.

— ம்.

— சிரிக்கலையா?

— ஊசி கோக்கறேன்.

— அப்புறமும் நாலஞ்சு தடவை. நம்ம வீட்டு மணின்னு தெரியும், ஆனாலும் கால் எழுந்து போயிடுது. இப்படி ஒரு இடத்துக்கா உங்களைக் கூட்டிட்டு வர? பாப்பா நல்லா மூச்சு விடுவா, சரி. யார்கிட்டப் பேசுவா?

— முதல்ல மூச்சு விடட்டும்ங்க. பேசறதுக்கும் அதுதானே வேணும்.

— நீ என்ன பண்ணுவ?

— எதிர்ல உக்காருவேன். நீங்க நின்னுக்கிட்டே சாப்பிடறதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு.

— வேண்டாம். விடு. அங்கேயே வேற நல்ல டாக்டராப் பார்க்கலாம். மூணு வருஷத்துல இந்த வீட்டு மணியில ஒருத்தர் விரல் பட்டதில்லை. அனுப்ப மாட்டேன். கிழிச்சுடறேன், நீயும் பார்த்துக்கோ.

— இருங்க. மணி அடிக்குது.

— கேக்குது. போய்த் திற. உனக்கு நாலாவது ஆள்.

— எனக்கில்லைங்க.

— மறுபடி அடிக்கறாங்க பாரு. பாவம், எவ்வளவு நேரம் நிப்பாங்க?

— நீங்க ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய், வெறும் வராந்தாவைப் பார்த்துட்டு வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி உக்காருவீங்க. அதைப் பார்க்க முடியாம நம்ம வீட்டு மணியைப் போன வாரமே கழட்டி வச்சுட்டேன். அந்தக் காகிதத்தைக் கீழ வச்சுட்டு எழுந்திருங்க, அது உங்க வீட்டு மணி.