ஆறாம் குழியின் விளக்கு

"மூணாவது விளக்கு ஒயரையும் ஆறாவது விளக்கு ஒயரையும் இடம் மாத்தச் சொல்லுங்க மேடம், மீதிக் கதை அப்புறம்" என்றேன். இன்ஸ்பெக்டர் கமலவேணி போனில் ஆம்பூர் தோல் டேனரியைப் பிடித்திருந்தார். நாலு மணிக்கு அங்கே கழிவுநீர்க் குழியைத் திறந்து நாலு பேர் இறங்குகிறார்கள். அங்கேயும் அதே விஷவாயு எச்சரிக்கை போர்டுதான். மாற்றியாயிற்று என்று பதில் வந்தது. நாலு உயிரைக் காப்பாற்றியவனுக்கு ஸ்டேஷனில் ஒரு டீகூடச் சொல்லவில்லை. போகட்டும்.

நான் சம்பத். ராணிப்பேட்டையில் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் இன்ஸ்ட்ரக்டர். சர்க்யூட்டைத் திரையிலேயே ஓட்டிப் பார்க்க எங்களிடம் இருந்தது ஓர் இலவச மென்பொருள். அதில் என்கோடர், டிகோடர் சிப்புகளே கிடையாது. மூன்று மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு சிப்புக்கும் படமும் கால் எண்களும் எழுதி லைப்ரரியாகச் சேர்த்தவன் நான்.

அதை வைத்துத்தான் ஜெயசீலன் போர்டு செய்தான். என்னிடம் படித்து, எனக்கே மேலே லெக்சரராக வந்தவன். எங்கள் ஊர் டேனரியில் எட்டுக் குழிகள். எதில் விஷவாயு என்று சென்சார் சொன்னதும், என்கோடர் அதை எண்ணாக்கி மூன்றே ஒயரில் அனுப்பும். டிகோடர் எண்ணைப் பிரித்து அந்தக் குழியின் விளக்கை எரியவிடும். நல்ல யோசனை. பிரின்சிபால் சால்வை போர்த்தினார். அவனுக்கு.

போர்டில் என் பெயரையும் போடச் சொல்லிக் கேட்டேன். "லைப்ரரி எழுதறது டைப் அடிக்கிற வேலை சார். அதுக்கெல்லாம் இன்னா பேரு?" என்று சிரித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. லைப்ரரியில் டிகோடர் சிப்பின் படத்தில் இரண்டு கால்களின் எண்களை மட்டும் மாற்றிவைத்தேன். மென்பொருள் கால் எண்களைப் பார்ப்பதில்லை; திரையில் எல்லாம் ஒழுங்காக எரியும். அந்தப் படத்தைப் பார்த்துச் செய்த போர்டில், ஆறாம் குழியில் வாயு இருந்தால் மூன்றாம் விளக்கு எரியும். போர்டில் எட்டையும் சோதிக்கிற பொறுமை அவனுக்குக் கிடையாது. முதல் விளக்கு எரிந்ததுமே பிரியாணிக்குக் கிளம்பிவிடுவான். திறப்பு விழாவில் கொஞ்சம் அசடு வழியட்டும், அவ்வளவுதான் என் நோக்கம்.

விழாவன்று ஆறாம் குழியைச் சுத்தம் செய்வதாக ஏற்பாடு. தோலில் முடி நீக்கிய சல்பைடு தண்ணீர் தேங்குகிற குழி அது. மேஸ்திரி இருதயராஜ் மூடியைத் தள்ளினார். மூன்றாம் விளக்கு எரிந்தது.

"ஆறு க்ளீன். எறங்கலாம்" என்றான் ஜெயசீலன்.

யாரும் இறங்கவில்லை. எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அவன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏணியில் கால் வைத்தான். ஐந்தாவது படியில் கை நழுவியது. மேலே தூக்கும்போது உயிர் இல்லை.

ஏன் கத்தவில்லை என்று மேடம் கேட்டார். விழாவில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவரே எறங்குவாருன்னு உங்களுக்குத் தெரியாது. அப்டித்தானே?" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். திரையில் லைப்ரரி ஃபைல், கடைசியாகத் திருத்திய தேதியோடு.

அந்த டேனரியில் ஒரு வழக்கம் உண்டு. குழிகளை அளக்கப் போன அன்று இருதயராஜ் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்: "எங்க தம்பி உள்ள செத்ததுலேர்ந்து இங்க ஒரே சட்டம் சார். வெஷக் காத்து இல்லன்னு சொல்றவன்தான் மொதல்ல எறங்கணும்."

சிப்பின் கால் எண்களை நான் மாற்றியது மறுநாள் காலையில்.