கிடங்கு வண்டின் வயிறு

பயறு வண்டில் ஆணைவிடப் பெண் கொஞ்சம் பருமன், ஐயா. வீட்டில் பயறு டப்பாவைத் திறக்கிற எல்லோரும் பார்த்திருப்பார்கள், கவனித்திருக்க மாட்டார்கள். எவ்வளவு பருமன் என்று அளப்பதுதான் என் ஆராய்ச்சி. தலை, மார்பு, வயிறு என்று ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். கழுத்து பிடித்துக்கொள்ளும். மற்றபடி நிம்மதியான வேலை.

பெரம்பூர் மளிகைக் கடைகளில் பிடித்த வண்டுகளில் இந்த வித்தியாசம் சிறியது. ராயபுரத்தில், கப்பலில் வரும் பயறு இறங்கும் கிடங்கில் பிடித்தவற்றில் மிகப் பெரியது. பெண் வண்டுக்கு வயிறு அப்படி. இதை எனக்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. ஏழு வருடம் இதற்காகவே உட்கார்ந்தேன். 2003 ஜூனோடு வேலைக்கான என் வயது வரம்பு முடிகிறது. அதற்குள் பட்டம் வர வேண்டும், இல்லையென்றால் நான் ஒன்றுமில்லை. அவர் டாக்டர் ஆகப்போகிறார் என்று என் மனைவி தேவகிருபை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

சாபிரா எனக்கு அடுத்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். வண்ணாரப்பேட்டைக்காரி. நல்ல பெண், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு காலையில் தயங்கித் தயங்கி வந்தாள்.

“கோச்சுக்காதீங்கண்ணே. பெரம்பூர் வண்டைக் கொணாந்த அன்னிக்கே அளந்துட்டீங்க. கிடங்கு வண்டை ஸ்பிரிட்டுல போட்டு வச்சு அளந்துகினு கீறீங்க. ஸ்பிரிட்டுல ஊறினா முட்டையோட கீற பொண்ணுக்கு வயிறு உப்பிக்குது. ஆணுக்கு உப்பல. நான் போட்டுப் பாத்தேன்.”

நானும் போட்டுப் பார்த்தேன். உப்பியது.

யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினேன். காலில் விழுந்தேன், ஐயா. என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளும் அழுதுவிட்டாள்.

“பொய் எழுத எனக்கு வராதுண்ணே. நம்ம கைடு மேடம்கிட்ட சொல்லித்தான் ஆவணும். நாளைக்கே புது வண்டு புடிச்சாறேன், ரெண்டு பேருமா மறுபடி அளக்கலாம்.”

மறுபடி. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் கிடங்கில் பூச்சி மருந்து வைத்து மூடும் நாள். அதை அவளிடம் சொல்ல வேண்டியவன் நான். வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அவளோடு நானும் கிடங்குக்குப் போனேன். மூட்டை அடுக்குகளுக்குப் பின்னால், கடைசிச் சந்தில் அவள் குனிந்து வண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல்.

ஆராய்ச்சி ஆட்கள் உள்ளே போய்வருவதால், எங்களில் ஒருவரைக் கேட்காமல் மேஸ்திரி சின்னப்பையன் ஷட்டரை இறக்குவதில்லை. மருந்து வைத்துவிட்டு வெளியே வந்து அன்றும் கேட்டார்.

“உள்ள யார்னா கீறாங்களா சார்?”

“யாரும் இல்ல நைனா, மூடிடு” என்றேன்.

ஷட்டர் ஓரங்களில் காகிதம் ஒட்டிவிட்டு, ஆட்கள் கை கழுவக் குழாயடிக்குப் போனார்கள். நான் மட்டும் நின்றேன். பயமாக இருந்தது, மறைக்க மாட்டேன். அடியில் ஒரு இடுக்கை ஒட்டாமல் விட்டிருந்தார்கள். அதன் வழியாகத்தான் குரல் வந்தது.

“அண்ணே, பாஸ்கல் அண்ணே, உங்க செருப்பு தெரியுது. மூச்சு முட்டுது, தொறங்கண்ணே.”

வாளியில் பசை மிச்சம் இருந்தது. காகிதமும் இருந்தது. உட்கார்ந்து அந்த இடுக்கை ஒட்டினேன். ஓரம் பிரியாமல் விரலால் நீவிவிட்டேன். விஷக்காற்று கசிந்தால் குழாயடியில் நிற்கிறவர்களுக்கு ஆபத்து இல்லையா, ஐயா?