செவுத்துல செதறுன பொட்டு

...அந்த மிஷினு மேலதானுங்க எனக்குச் சந்தேகம். தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, நீங்க கம்பெனில இருந்து தூக்கிட்டு வந்தது, நல்ல மிஷினாத்தான் இருக்கும். இருந்தாலும் எம் பையன் கிருபாசங்கரு பட்டறைல பாலீஷ் போட்ட தகட்டைப் போயி சொரசொரப்புன்னுருச்சே. நான் அதுல மூஞ்சி பாத்துப் பொட்டு வெச்சவளுங்க.

காப்பி குடிங்க, ஆறுது. கரண்டு இல்லீன்னு ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கத்தான் போயிருக்கறான், இப்ப வந்துருவான்.

போன வாரம் நீங்க அந்தச் செவப்பு வெளிச்சத்தை அடிச்சப்ப நானும் கதவோரம் நின்னு பாத்தேனுங்க. தகடு வழவழன்னு இருந்தா எதுத்த செவுத்துல ஒத்தப் பொட்டாட்ட விழுகோணும்னீங்க. விழுந்தது எப்படி? குங்குமச்சிமிழைக் கைதவறிக் கொட்டுனாப்பல செவுறு பூராச் செதறி, பொடிப்பொடியா மின்னுதுங்க. நான் தலையைச் சாய்ச்சா அந்தப் பொடியும் கூடவே நகருது. முருகான்னு கும்புட்டுட்டேன். பொறவு பாத்தா பையன் மூஞ்சி செத்துக் கெடக்குது.

இன்னைக்கும் செதறுனா ஆர்டரு வேற ஆளுக்குப் போயிருமாமா. அதை நம்பித்தானுங்க இந்தக் கணபதி ஏரியாவுல பட்டறையே போட்டான். அந்தக் கோவத்துல ஐயாசாமியை, அதானுங்க பாலீஷ் போடற ஆளு, இனி வராதேன்னுட்டான். பாவம், கொண்டாந்த சோத்தைக் கூடத் திங்காமப் போனானுங்க. அவனுக்காகவும்தான் தெனம் வௌக்குப் போடறேன். புதுத் தகட்டைப் பையன் தானே உக்காந்து தேச்சான்.

அதுங்களா? பத்திரமா சாமி ரூம்புல இருக்குதுங்க. எங்கூட்டுல எதைச் செஞ்சாலும் மொத உருப்படியைச் சாமிகிட்ட வெச்சுப்போட்டுத்தான் வெளிய அனுப்பறது. ஆனா ஒரே எண்ணெய்ப் பிசுக்குங்க. அதை அப்படியே முருகன் முன்னால வெக்க முடியுங்களா? போன தடவை வௌக்குத் தேய்க்கறப்ப அந்தத் தகட்டையும் சாம்பல் தொட்டு லேசாத்தான் ஒரு இழுப்பு இழுத்தேன். அதான் சரியாப் பளிச்சுன்னு வல்லையோ என்னமோன்னு, இந்தத் தடவை செங்கப்பொடியும் தேங்கா நாருமாப் போட்டு, கை வலிக்க வலிக்க...

ஏனுங்க தம்பி, எதுக்கு எந்திரிச்சுட்டீங்க? மிஷினை ஏனுங்க பொட்டிக்குள்ள வெக்கறீங்க?

ஐயாசாமி ஊடுங்களா? பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால சந்துதான். அவன் எதுக்குங்க இப்ப? தகட்டை இன்னும் பாக்கவே இல்லீங்களே... செத்த இருங்க, போட்ட விபூதி காயட்டும், எடுத்தாறேன்.